முகத்துவாரம் மூடிக்கிடந்த கோடை

நான் சொல்லப்போவதில் ஒரு பகுதியைப் பல வருஷங்களாக நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுபதுகளின் நடுவே ஒரு கோடையில், அடையாறு கடலோடு சேரும் இடத்தில் இருந்த மீன், இறால், நண்டு எல்லாம் செத்து மிதந்தன. கரையிலிருந்த மீனவர் குப்பத்துக்காரர்களின் அலட்சியம்தான் காரணம் என்று எங்கள் ஆபீஸ் எழுதியது. உங்கள் ஆபீஸ்தான் காரணம் என்று குப்பத்து நாட்டார் ஏழுமலை என்னிடம் சொன்னார். ஏழுமலை சொன்னது பொய்யென்றால் அந்தக் குப்பத்தின் பிழைப்பைக் கெடுத்தவர் அவர். உண்மையென்றால் நாங்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்பதுதான் இன்னும் தீரவில்லை.

தண்ணீரைச் சோதிக்கிற உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு. நீங்கள் எதைக் கண்டுபிடித்தாலும், அந்தத் தண்ணீர் அதற்குள் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். யாரும் சரிபார்க்க முடியாது. அறுபதுகளின் கடைசியில் அந்த வேலையில் சேர்ந்தேன். உப்பங்கழியில் தண்ணீர் எப்படி இருக்கிறது, அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று மாதாமாதம் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. அடையாறு பாலத்தைப் பஸ்ஸில் கடக்கும்போது பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்ட ஒவ்வொருவரும் எனக்கு ஒருவகையில் உறவினர். உங்களுக்குப் பாலம் முடிகிறவரைக்கும்தான் அந்த அவஸ்தை. எனக்கு அது சம்பளம்.

காபியும் பாலும்

எனக்குக் கொடுத்த ஆயுதங்கள் கொஞ்சம். கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு ஒன்று. அதைத் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தால் கலங்கல் தெரியும். சேற்றை அலசிப் புழு பொறுக்க ஒரு சல்லடை. மீன் குஞ்சும் இறால் குஞ்சும் பிடிக்க மெல்லிய வலை. அப்புறம் கண்ணாடி மூடி போட்ட புட்டிகள். புட்டியில் காற்றுக்குமிழ் புகாமல் தண்ணீரை நிரப்பி, அங்கேயே கரையில் வைத்து இரண்டு மருந்து சொட்டவேண்டும். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பாக வண்டல் இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாக இறங்கும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

இறால் தடவும் கன்னியம்மாவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. இறால் தடவுவது என்றால் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி அகப்பட்டதைப் பறிக்குள் போடுவது. வேலை நேரத்தில் அவளால் பேச முடியாது. அதையெல்லாம் சேர்த்து வைத்துக் கரையேறியதும் பேசுவாள். "இன்னா சாரு, இன்னைக்குக் காபியா, பாலா?" என்பாள். பழுப்பு என்றால் காபி, வெள்ளை என்றால் பால். பால் வந்த அன்று, "அப்போ பாயசம் வையி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் பாலத்தருகே நான் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மயிலாப்பூரிலிருந்து உலாவ வந்த பெரியவர் ஒருவர் நின்றார். கைத்தடி, மேல்துண்டு, மூக்கின்மேல் மடித்த கைக்குட்டை. நான் எந்த ஆபீஸ் என்று விசாரித்தார். சொன்னேன். சைதாப்பேட்டையிலிருந்து இதுவரைக்கும் எத்தனை சாக்கடை இதில் விழுகிறது என்றும் சொன்னேன். அவர் வீட்டுச் சாக்கடையும் கால்வாய் வழியாக இங்கேதான் வருகிறது என்பதையும் மரியாதையாகவே சொன்னேன். மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அது பாட்டுக்கு வரட்டும், வேண்டாங்கலை. சாயங்காலம் நாங்க வாக்கிங் வரச்சே மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கோ."

பதினோரு மணித் தண்ணீர்

கழித் தண்ணீர் ஒரு நாளில் பல தண்ணீர். ஏற்றத்தில் கடல் உள்ளே வரும். பச்சையும் நீலமுமாக, உப்பாக. வற்றத்தில் ஊர்ச் சாக்கடை கீழே இறங்கும். வெயில் ஏறினால் பாசி மூச்சுவிட்டுத் தண்ணீருக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கும். இரவெல்லாம் அதே பாசி அந்த உயிரைத் தின்றுவிடும். விடியற்காலையில்தான் மீனுக்கு மூச்சு முட்டும். மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம்; சீக்கிரம் எழுந்தால் போதும்.

எங்கள் ஜீப் பதினோரு மணிக்கு வரும். மழையோ வெயிலோ, ஏற்றமோ வற்றமோ, பதினோரு மணி. எங்கள் அதிகாரி பத்மநாபன் தி. நகரில் குடியிருந்தார். சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் வந்து, கையெழுத்துகளைப் போட்டுவிட்டு, ஜீப் ஏறினால் அந்த நேரம்தான் ஆகும். மனிதர் அறிவிலி அல்ல. ஒரு நண்டின் காலை மட்டும் காட்டினால் அது என்ன நண்டு என்று சொல்லக்கூடியவர். அதனால்தான் எனக்குக் கோபம். தெரியாதவன் தப்பாக அளந்தால் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தவர் சௌகரியமான நேரத்தில் அளந்தால் என்ன செய்வது?

ஒருநாள் பொறுக்கமுடியாமல் மந்தவெளியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு விடியும்போதே போய்த் தண்ணீர் எடுத்தேன். மருந்து சொட்டினேன். சுத்தமான பால். மடவை மீன்கள் மேலே வந்து தவித்துக்கொண்டிருந்தன. புட்டிகளைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். நேரத்தைக் கேட்டார். ஜீப்பில் போனேனா என்று கேட்டார். சைக்கிள் என்றேன். புட்டிகளை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இது ஆபீஸ் தண்ணி இல்லையேப்பா, உன்னோட சொந்தத் தண்ணி."

பஸ்ஸில் ஏறிய நண்டு

எங்கள் பட்டியலில் உயிர்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் சேர்ந்த புதிதில் மடவை, கொடுவா, கெளுத்தி, உழுவை, வெள்ளிறால், பச்சை நண்டு, சேற்றில் மட்டி என்று வலையிலும் சல்லடையிலும் ஏதாவது புதிது வரும். சில வருஷங்களில் ஜிலேபி மீன் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டது. எந்தச் சாக்கடையிலும் குடித்தனம் நடத்துகிற மீன் அது. சேற்றில் மட்டிக்குப் பதிலாகச் சிவப்புப் புழு. பத்மநாபன் சாருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் வருடாந்தர அறிக்கையில் எண்ணிக்கை குறையக்கூடாது என்பதிலும் அவருக்கு அக்கறை உண்டு. ஆகையால் ஏற்றத்தில் கடலோடு வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற மீன்களும் குடிமக்களாகக் கணக்கில் சேர்ந்தன. கல்யாண வீட்டு வாசலில் செருப்பை எண்ணி, குடும்பம் பெரியது என்று சொல்வதுபோல.

ஒருமுறை ஜீப் பழுதாகிவிட்டது. அபூர்வமாகக் கிடைத்த பெரிய பச்சை நண்டு ஒன்றை உயிரோடு ஆபீஸ் கொண்டுபோகவேண்டும். கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கட்டு அவிழ்ந்து நண்டு நடைபாதையில் இறங்கிவிட்டது. பெண்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் சீட்டின்மேல் ஏறி நின்றார். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, எங்கே பிடித்தது என்று கேட்டார். அடையாற்றில் என்றேன். நண்டு கொடுக்கை உயர்த்தி அவர் பூட்ஸைக் கவ்வப் பார்த்தது. அவர் நகரக்கூட இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உசுரோட கீதே நைனா, அப்போ அடையாத்துது இல்ல."

காக்கிச் சட்டைக்கு வணக்கம்

எங்கள் ஜீப் டிரைவர் துரைக்கண்ணுவுக்கு ஆபீஸ் காக்கிச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் கொடுத்திருந்தது. வாட்டசாட்டமான ஆள், முறுக்கிய மீசை. பத்மநாபன் சார் சந்தன நிற அரைக்கைச் சட்டை, கையில் குடை. நான் முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டை, இடுப்புவரை சேறு. குப்பத்தில் எங்கள் மூவரில் யார் பெரியவர் என்று அவர்களுக்கு முதல் நாளே தீர்மானமாகிவிட்டது. ஜீப் நின்றதும் ஜனங்கள் துரைக்கண்ணுவுக்குக் கும்பிடு போடுவார்கள். பத்மநாபன் சாரைக் கணக்குப்பிள்ளை என்று நினைத்தார்கள். என்னை வலைக்குக் கூலியாள் என்று நினைத்து, கன்னியம்மா ஆரம்பத்தில் ஒருதரம் கஞ்சிகூடக் கொடுத்தாள்.

துரைக்கண்ணு இதைத் திருத்தவில்லை. ஒருநாள் நான் வந்து பார்த்தால் ஜீப்பின் முன்பக்கம் சாய்ந்தபடி இளநீர் குடித்துக்கொண்டு, யாரோ இருவரின் படகுத் தகராறில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பும் வழியில் அவனைக் கண்டித்தேன். இந்த ஜனங்கள் உன்னை அதிகாரி என்று நம்புகிறார்கள், எங்காவது விபரீதமாகப் போய் முடியும் என்றேன். அவன் கியரை மாற்றிக்கொண்டே அமைதியாகச் சொன்னான்: "நான் இன்னா சார் பண்றது, நீங்க ஆபீசர் மாதிரி இருந்தா நான் ஏன் ஆபீசரா இருக்கப்போறேன்?"

வாய் வெட்டும் நாள்

கோடையில் ஆற்றில் தண்ணீர் குறையும்போது, அலை கொண்டுவந்து போடுகிற மணல் மேடாகி, ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்துவிடும். கடல் அந்தப் பக்கம், கழி இந்தப் பக்கம், நடுவே மணல். உள்ளே வருவது சாக்கடை மட்டும். அப்போது குப்பத்துக்காரர்கள் கூடி மணலை வெட்டிக் கடலுக்கு வழி திறப்பார்கள். இதற்கு 'வாய் வெட்டுறது' என்று பெயர். இறால் குஞ்சுகள் கடலில் பிறந்து, கழிக்குள் வந்து வளருகிறவை. வாய் திறந்தால்தான் அவை உள்ளே வரும். கன்னியம்மாவின் பறி நிறையும். வாய் மூடிக்கிடந்தால் எதுவும் வராது. உள்ளே இருப்பதும் தங்காது.

எந்த நாள் வெட்டுவது என்பது ஏழுமலையின் பொறுப்பு. நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். வலைத் தகராறு, கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் அவர் சொல் நடக்கும். வாய் வெட்டும் நாளைத் தப்பாகச் சொன்னால் வெட்டிய பள்ளத்தை அலை மறுநாளே தூர்த்துவிடும், ஊர் சிரிக்கும். நான் முதல்முறை பார்த்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்திருந்தார்கள். கடலோரம் முதலில் வெட்டாமல் கழிப் பக்கத்திலிருந்து ஒரு சிறு வாய்க்காலாக இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசி மண்ணை ஏழுமலை காலால் தள்ளினார். ஒரு சாண் அகலமாக ஓடிய கறுப்புத் தண்ணீர் தானே மணலைத் தின்று, கொஞ்ச நேரத்தில் ஒரு தெருவகலம் ஆகிவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். ஏற்றம் திரும்பியதும் கடல் உள்ளே வந்தது. என் புட்டியில் அன்று இறங்கிய காபியைப்போல டிகிரி காபியை நான் மயிலாப்பூரில்கூடப் பார்த்ததில்லை. "இன்னா தம்பி, மூஞ்சி பூராப் பல்லா கீது?" என்று ஏழுமலை என் முதுகில் தட்டினார்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. பத்மநாபன் சார் இறங்கி, திறந்துகிடந்த வாயைப் பார்த்தார். முகம் சுருங்கியது. மூடிய நிலையில் தண்ணீர் எப்படி மாறுகிறது என்பதற்கு அவர் தொடர்ச்சியாகக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அது நடுவில் அறுந்துபோயிற்று. விஞ்ஞானத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று நல்ல தமிழில் நிதானமாகச் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. ஏழுமலை அவரைத் தாண்டி, பின்னால் நின்ற துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தான்: "இனிமே ஒரு பிடி மண்ணைத் தொட்டாலும் சொல்லிட்டுத்தான் தொடணும், இல்லாங்காட்டி கேசு ஆயிடும், ஆமா."

பத்மநாபன் சார் கேசு என்று சொல்லவே இல்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. அந்த வருஷத்திலிருந்து எங்களைக் கண்டால் ஏழுமலை பீடியைக் கீழே போட்டார். எனக்குத் தம்பி போய் சார் வந்துவிட்டது.

கமிட்டி வருகிறது

அந்தக் கோடைக்கு வருகிறேன். வாய் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடிக்கொண்டது. அதே சமயம் டெல்லியிலிருந்து ஒரு கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க ஒரு திட்டம்; அதற்கு அவர்கள் சம்மதிக்கவேண்டும். மூடிக்கிடப்பதைக் கண்ணால் பார்த்தால்தானே திறக்கவேண்டும் என்று தோன்றும் என்றார் பத்மநாபன் சார். அது நியாயமாகத்தான் இருந்தது. ஆபீஸ் நியாயம் எல்லாமே கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்.

கமிட்டி இந்த வாரம் என்றார்கள், அடுத்த வாரம் என்றார்கள், ஒரு உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். தண்ணீர் பச்சையிலிருந்து கறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைத் தட்டை இறக்கினால் ஒரு முழத்திலேயே காணாமல் போயிற்று. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீரின் தோல் முழுக்க வாய்கள். பதினோரு மணிக்கு மட்டும் புட்டியில் கொஞ்சம் பழுப்பு காட்டியது, பாசியின் தயவு. அந்தப் பழுப்பு அறிக்கையில் ஏறிக்கொண்டிருந்தது. குப்பத்துக்காரர்கள் ஏன் இன்னும் வெட்டவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கரையில் மண்வெட்டியோடு வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள் ஏதோ நாள் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்; துரைக்கண்ணு சொன்ன கேசு என் நினைவுக்கே வரவில்லை.

பிறகு இரண்டு நாள் மேகமூட்டம். பாசி கைவிட்டது. மூன்றாம் நாள் நான் போனபோது தண்ணீர் தெரியவில்லை, வெள்ளை வயிறுகள்தான் தெரிந்தன. மடவை, கெளுத்தி, கையகல உழுவை, எதையும் தாங்கும் ஜிலேபிகூட. இறால்கள் கரைவிளிம்பில் சிவந்து, துணி காயப்போட்டதுபோல வரிசையாகக் கிடந்தன. நண்டுகள் தண்ணீரைவிட்டு ஏறி மணலில் செத்திருந்தன. நான் பழக்கதோஷத்தில் புட்டியை நிரப்பி மருந்தைச் சொட்டினேன். என் அருகில் கன்னியம்மா காலிப் பறியோடு நின்றாள். அன்று அவள் காபியா பாலா என்று கேட்கவில்லை. என் கையிலிருந்த புட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அதான் எல்லாம் பொணமா மெதக்குது இல்ல, நீ இன்னும் நாடி புடிச்சுப் பாத்துக்கினு கீறியே."

நல்ல காற்று

மீன் செத்த அன்றே குப்பம் வாயை வெட்டிவிட்டது. யாரையும் கேட்கவில்லை. கறுப்பெல்லாம் கடலுக்குப் போய், கடல் உள்ளே வந்தது. செத்ததை எல்லாம் காக்கையும் பருந்தும் நாய்களும் தீர்த்தன. அதற்கடுத்த வாரம் கமிட்டி வந்தது. ஏற்ற நேரம், கடலே ஆற்றுக்குள் குடியேறியதுபோல நீலமாக இருந்தது. பதினோரு மணிக்கு என் புட்டியில் அருமையான காபி. கமிட்டிக்கு இளநீர் வெட்டினோம். பத்மநாபன் சார் மூடிக்கிடந்த மணல்மேட்டைப் பற்றி, இல்லாத இடத்தைக் குடையால் சுட்டிக்காட்டி விளக்கினார். செத்த மீன்களைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் காலை மிதித்தார். கமிட்டியில் தமிழ் தெரிந்த ஒருவர், வேட்டியைக் காற்றில் பிடித்துக்கொண்டு, மனமாரச் சொன்னார்: "இவ்வளவு நல்ல காத்து வர்ற இடத்துல உங்களுக்கு என்ன சார் பிரச்சினை?"

மீன் செத்ததற்கு ஒரு காரணம் எழுதவேண்டியிருந்தது. பத்திரிகையில் படம் வந்துவிட்டதே. ஆபீஸ் எழுதியது இதுதான்: வழக்கமாக முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும் மீனவர்கள் இவ்வருஷம் உரிய காலத்தில் அதைச் செய்யத் தவறினார்கள். சொல்லாமல் ஒரு பிடி மண்ணைத் தொடக்கூடாது என்று சொன்னவர்கள் எழுதிய வாக்கியம் இது. இதைத் தொடர்ந்து உத்தரவு வந்தது. இனி முகத்துவாரத்தை வெட்டுவது அரசாங்கத்தின் பொறுப்பு. அது முறையாக நடக்கும்வரை கழியில் யாரும் மீனோ இறாலோ பிடிக்கக்கூடாது. முறையாக என்பது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. கன்னியம்மா மந்தவெளியில் வீட்டுவேலைக்குப் போனாள். ஆண்களில் பலர் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார்கள். அறிக்கையில் அந்த வாக்கியத்தை எடுத்துவிடும்படி நான் கேட்டபோது பத்மநாபன் சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்க வெட்டலைங்கறது உண்மைதானே?" என்றார்.

நாட்டார் சொன்னது

ஏழுமலை என்னிடம் சொன்னதை இப்போது சொல்கிறேன். உத்தரவு வந்த வாரத்தில் சொன்னார். தண்ணீர் கறுக்கத் தொடங்கியபோதே அவர் ஜீப்புக்கு வந்து, வாய் மூடிடுச்சு, வெட்டலாமா என்று காக்கி ஆபீசரிடம் கேட்டாராம். டெல்லியிலேருந்து பெரியவங்க வர்றாங்க, மூடினபடியே இருக்கணும், தொட்டா கேசு என்று காக்கி ஆபீசர் சொன்னாராம். ஒருதரம் அல்ல, மூன்று தரம் கேட்டாராம். அந்த நேரங்களில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டேன். "நீ தண்ணில கீற சார், அவ்ளோ தூரம் கூப்ட்டா கேக்குமா?" என்றார்.

துரைக்கண்ணுவைக் கேட்டேன். வண்டிக்கருகே யாரும் வரவில்லை என்று சத்தியம் செய்தான். வந்திருந்தாலும் ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு உத்தரவு போட என்ன அதிகாரம் என்று என்னையே திருப்பிக் கேட்டான். அது நான் அவனுக்குச் சொன்ன பாடம்தான். பத்மநாபன் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எழுத்து மூலமா கேட்டாங்களா?" குப்பத்திலேயே பேச்சு இரண்டாகப் பிரிந்தது. நாட்டார் நாள் பார்ப்பதில் தப்புப் பண்ணிவிட்டு ஆபீசின்மேல் பழி போடுகிறார் என்று வாலிபர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷம் அவரை நாட்டார் ஸ்தானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். எனக்கும் சந்தேகம் அங்கிருந்துதான் பிடித்தது. மானம் போகும் நிலையில் இருப்பவன் ஒரு கதையைக் கட்டினால் அது இப்படித்தானே இருக்கும்? ஆனால் கட்டுகிறவனுக்கு டெல்லிக் கமிட்டி எப்படித் தெரியும்? துரைக்கண்ணு சொல்லித்தான் தெரிந்திருக்கவேண்டும். சும்மா வம்பு பேசும்போதுகூடச் சொல்லியிருக்கலாமே. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் உறுத்தும். துரைக்கண்ணு செத்துப்போனான். பத்மநாபன் சார் ஓய்வுபெற்றுப் பெங்களூர் போய்விட்டார். சந்தேகம் மட்டும் என்னோடு மந்தவெளியிலேயே இருந்தது.

போன தை மாதம் மந்தவெளி மார்க்கெட்டில் ஏழுமலையைப் பார்த்தேன். பார்வை மங்கியிருந்தது, முதுகு வளைந்திருந்தது. எங்கிருந்தோ ஐஸில் வந்த ஜிலேபி மீனைக் கையில் தூக்கிப்பிடித்து, செவுளை விரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, விலை கேட்டுக்கொண்டிருந்தார். கடலோரத்தில் பிறந்த மனிதர் காசு கொடுத்துச் சாக்கடை மீன் வாங்குகிறார். எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. என் குரலை வைத்துக் கண்டுபிடித்து, "தண்ணி சாரு" என்றார். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். கன்னியம்மா தவறிவிட்டாள் என்றார். வாயை இப்போது யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். மிஷின் வருமாம், வராமலும் இருக்குமாம்.

பழைய கதையை மறுபடி சொல்லச் சொன்னேன். அப்படியே சொன்னார். காக்கி ஆபீசர், டெல்லி, கேசு, மூன்று தரம். ஒரு சொல் மாறவில்லை. பொய்யும் பழகிவிட்டால் மாறாது என்று என் மனம் சொன்னது. அந்த மனத்தின்மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டாரா, அவன் சொன்னானா என்பதையே இத்தனை காலம் மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்தபோதுதான், நான் தப்பான இடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. சொல்லிட்டுத்தான் தொடணும் என்று துரைக்கண்ணு சொன்ன அன்று நானும் அங்கேதான் நின்றேன், மறுக்கவில்லை. ஓர் ஆற்றின் மூச்சை அளந்து சம்பளம் வாங்கியவன், ஒரு மனிதனிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வியைக் கேட்பதற்கு இருவருக்கும் தலை நரைக்கவேண்டியிருந்தது.

"நாட்டாரே, உங்க அப்பா, அவரோட அப்பா காலத்துலேருந்து யாரையும் கேக்காம வெட்டுன வாய் அது, மீன் தவிக்கிறது உங்க கண்ணுக்கே தெரிஞ்ச அந்த வருஷம், எதுக்கு எங்ககிட்ட வந்து கேட்டீங்க?"